உருமாறும் வைரஸும் கணித மாதிரியும்: குமரி மாவட்ட வாசகர்களுக்கான கேள்வி-பதில்

கொரோனா காலத்தில் "அடுத்த மாதம் உச்சம்", "புதிய திரிபு இரு மடங்கு வேகம்" என்ற செய்திகளைப் பார்க்காத நாளே இல்லை எனலாம். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை, கேரள எல்லையை ஒட்டியுள்ள நம் மாவட்டத்துக்கு அவற்றை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பவற்றைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கற்பனை எண்களைக் கொண்டு விளக்கும் இடங்களில் அவை கற்பனை என்றே குறிப்பிடப்பட்டுள்ளன.

நோய்ப் பரவலுக்கான கணித மாதிரி என்பது என்ன?

ஓர் ஊரின் மக்களை நோய் தொற்றக்கூடியவர்கள், தொற்றுடன் இருந்து பிறருக்குப் பரப்புபவர்கள், குணமடைந்து எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள் என மூன்று பிரிவாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நாள்தோறும் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவதே இதன் அடிப்படை. 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் இதை முறையாக வகுத்தார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியில் பணியாற்றியவர். அவர்கள் தம் சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டதும் 1905-06இல் பம்பாயில் பிளேக் நோயால் நேர்ந்த மரணங்களின் வாராந்திரக் கணக்கைத்தான். மெக்கென்ட்ரிக்குக்கு இத்துறையில் வழிகாட்டியாக இருந்த ரொனால்டு ராஸ், கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைச் செகந்திராபாத்தில் 1897இல் கண்டவர். ஆகவே இந்தக் கணிதம் எங்கிருந்தோ நமக்கு இறக்குமதியான ஒன்றல்ல, இதன் வேர்களில் பல இந்த மண்ணில்தான் இருக்கின்றன.

புதிய திரிபு வந்தால் அந்த மாதிரியில் என்ன மாறும்?

கொரோனா வைரஸின் மரபணுத் தொடரில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் உள்ளன. பரவும்போது மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள் என்ற அளவில் அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலான மாற்றங்களால் எந்த விளைவும் இல்லை. எப்போதாவது ஒரு மாற்றமோ பல மாற்றங்களின் சேர்க்கையோ வைரஸுக்கு அனுகூலமாக அமைந்துவிடுகிறது. அப்படி உருமாறிய வகையையே திரிபு என்கிறோம். அப்போது, தொற்றுடன் இருப்பவர்கள் என்ற ஒரே பிரிவு பழைய வகையால் பாதிக்கப்பட்டவர்கள், புதிய வகையால் பாதிக்கப்பட்டவர்கள் என இரண்டாகப் பிரிகிறது. இரண்டு வகைகளும் அதே மக்களிடம்தான் பரவியாக வேண்டும் என்பதால், ஒன்றால் கிடைத்த எதிர்ப்பாற்றல் மற்றொன்றை எவ்வளவு தடுக்கும் என்ற புதிய எண்ணையும் மாதிரிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தொடக்க வாரங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாத எண்ணும் அதுவே.

தினசரித் தொற்று எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கும்போது ஏன் எச்சரிக்கை விடுக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கற்பனையாக, ஒரு மாவட்டத்தில் ஒரு நாளில் 500 பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்று கொள்வோம். அவர்களில் 490 பேருக்குப் பழைய வகை, 10 பேருக்குப் புதிய வகை. பழைய வகை 14 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது, புதிய வகை 7 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 14ஆம் நாளில் பழையது 245, புதியது 40, மொத்தம் 285. எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். 28ஆம் நாளில் பழையது 122, புதியது 160, மொத்தம் 282. தொற்று கட்டுக்குள் நிற்பதாகவே இந்த எண் தோன்றும். 35ஆம் நாளில் மொத்தம் 400ஐத் தாண்டும், 42ஆம் நாளில் 700ஐத் தொடும். அந்த நாளில் அலை திடீரென்று வந்துவிட்டதாகச் செய்தி வரும். உண்மையில் அது முதல் நாளிலிருந்தே வளர்ந்துகொண்டிருந்தது, மொத்த எண்ணிக்கைக்குள் மறைந்திருந்ததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2020 நவம்பரில் இங்கிலாந்தில் ஊரடங்கால் பொதுவாகத் தொற்று குறைந்தபோதும், பின்னர் ஆல்பா என்று பெயர் பெற்ற திரிபு கென்ட் பகுதியில் வளர்ந்துகொண்டே இருந்தது. நம் நாட்டிலும் 2021 பிப்ரவரியில் தினசரி எண்ணிக்கை 11,000 அளவில் தணிந்து கிடந்தது. மே 6 அன்று அது 4.14 லட்சத்தைத் தொட்டது. ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதைவிட, அதில் புதிய வகையின் பங்கு வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே முன்னெச்சரிக்கைக்கு உதவும்.

புதிய திரிபின் வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

புதிய வகைக்கும் பழைய வகைக்கும் உள்ள விகிதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பரிசோதனைகள் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு வகைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படும் என்பதால், எண்ணிக்கையில் இருக்கும் குறைகள் விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மேலும், இரண்டு வகைகளின் வளர்ச்சி வேகங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மாறாதிருந்தால், அந்த விகிதத்தின் மடக்கையை (லாகரிதம்) நாள்வாரியாக வரைபடத்தில் குறிக்கும்போது ஒரு நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்வே நாம் தேடும் எண்.

ஒரு கற்பனைக் கணக்கு: முதல் வாரத்தில் மரபணுப் பகுப்பாய்வு செய்த 200 சளி மாதிரிகளில் 4 புதிய வகை. இரண்டு வாரம் கழித்து, வேறு 200 மாதிரிகளில் 24 புதிய வகை. விகிதம் 4/196இலிருந்து 24/176 ஆகியிருக்கிறது, அதாவது சுமார் 6.7 மடங்கு. 14 நாளில் 6.7 மடங்கு என்றால் விகிதம் ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. இதே வேகம் நீடித்தால் இன்னும் 15 நாளில் புதிய வகை பாதிப் பங்கைப் பிடித்துவிடும்.

இதிலிருந்து "எத்தனை மடங்கு அதிகம் பரவுகிறது" என்று சொல்வதற்கு இன்னோர் எண் தேவை. ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டு, அவர் அடுத்தவருக்குப் பரப்பும்வரை சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பதே அது, அதைத் தலைமுறை இடைவெளி என்பார்கள். அந்த இடைவெளி 5 நாள் என்று கொண்டால், மேற்சொன்ன கணக்கில் புதிய வகை பழையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பரவுகிறது. 3 நாள் என்று கொண்டால் ஒன்றரை மடங்குதான். தரவு ஒன்றே, அனுமானம் வேறு என்பதால் விடையும் வேறாகிறது. ஒரே திரிபைப் பற்றி இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு எண்களைச் சொல்லும்போது, அவற்றில் ஒன்று பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த இடைவெளியை எவ்வளவாக வைத்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

இரண்டு முறை 200 சளி மாதிரிகளைப் பார்த்தது போதுமா?

போக்கை அறியப் போதும், துல்லியத்துக்குப் போதாது. முதல் வாரத்தில் கிடைத்த 4 என்பது தற்செயலாக 2ஆகவோ 7ஆகவோ இருந்திருக்கலாம். அந்தத் தற்செயலைக் கணக்கில் சேர்த்தால், 5 நாள் என்று சொன்ன இரட்டிப்புக் காலம் உண்மையில் 3 நாளுக்கும் 12 நாளுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வீச்சைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் தரும் எந்தக் கணிப்பையும் நான் அரைகுறையானதாகவே கருதுகிறேன்.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. நூறில் ஒருவரிடம் மட்டும் இருக்கும் திரிபை 95 விழுக்காடு உறுதியுடன் ஒருமுறையாவது கண்டுபிடிக்க வேண்டுமானால் சுமார் 300 மாதிரிகள் வேண்டும். 30 மாதிரிகளில் காணவில்லை என்பதால் மாவட்டத்தில் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையைவிடவும் முக்கியமானது, மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடமிருந்து மட்டும் எடுத்தால், கடுமையாக நோயுற்றவர்களிடம் எந்த வகை இருக்கிறது என்பதே தெரியவரும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் மட்டும் எடுத்தால் அந்த நாடுகளின் நிலை தெரியும். ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் எடுத்தால் அது ஐந்து சான்றுகள் ஆகாது, ஒரு சான்றுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் ஆகிய ஆறு வட்டங்களிலிருந்தும், லேசான அறிகுறி உள்ளவர்களையும் சேர்த்து, குலுக்கல் முறையில் எடுத்த 100 மாதிரிகள், கிடைத்த இடத்தில் எடுத்த 400 மாதிரிகளைவிடக் கணித மாதிரியை எழுதுபவருக்கு அதிகம் பயன்படும்.

ஒரு திரிபின் பங்கு கூடினாலே அது அதிகம் பரவும் வகை என்று பொருளா?

இல்லை. 2020 கோடையில் ஸ்பெயினில் தோன்றிய ஒரு வகை ஐரோப்பா முழுவதும் பரவி, பல நாடுகளில் முதன்மை வகையாகவே ஆனது. அது கூடுதலாகப் பரவக்கூடியது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. விடுமுறைக்கு ஸ்பெயின் சென்றவர்கள் அதை மீண்டும் மீண்டும் தத்தம் ஊருக்குக் கொண்டுசென்றதே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

சபரிமலைப் பருவத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்துசெல்லும் கன்னியாகுமரிக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா போன்ற நாள்களை அடுத்து ஒரு வகையின் பங்கு எகிறினால், அது வைரஸின் திறமையா, கூட்டத்தின் விளைவா என்று உடனே பிரித்துச் சொல்ல முடியாது. பல ஊர்களில், வெவ்வேறு சூழல்களில், ஒரே மாதிரியான வேகத்தில் பங்கு கூடுகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். ஆல்பா, டெல்டா, ஒமிக்ரான் மூன்றும் அந்தச் சோதனையில் தேறின.

திரிபு பாதித்த ஒருவர் மாவட்டத்துக்குள் வந்துவிட்டால் அலை உறுதியா?

உறுதியில்லை. சராசரியாக ஒருவர் இருவருக்குப் பரப்பும் நோயிலும், எல்லோரும் இருவருக்கே பரப்புவதில்லை. கொரோனாவில் பலர் யாருக்கும் பரப்பாமல் இருக்க, சிலர் ஒரே நிகழ்ச்சியில் பலருக்குப் பரப்பிவிடுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு மிக அதிகம் என்று வைத்துக் கணக்கிட்டால், தனியாக வந்துசேரும் பத்துத் தொற்றுகளில் எட்டு ஒன்பது தாமாகவே அணைந்துவிடும். ஆனால் நாள்தோறும் பலர் வந்துசேரும் இடத்தில், அணையாத ஒன்று அமைவதற்கு அதிக நாள் பிடிக்காது.

வேகமாகப் பரவுவது, கடுமையாகத் தாக்குவது, இவற்றில் எது அதிக ஆபத்து?

கணக்கே சொல்லட்டும். 1,000 பேருக்குத் தொற்று, ஒருவர் சராசரியாக 1.1 பேருக்குப் பரப்புகிறார், தலைமுறை இடைவெளி 5 நாள், பாதிக்கப்பட்டவர்களில் 0.5 விழுக்காட்டினர் இறக்கிறார்கள் என்று கற்பனை செய்துகொள்வோம். 30 நாள் கழித்து, அந்தத் தலைமுறையில் தொற்று ஏற்படுபவர்கள் 1,770 பேர், அவர்களில் இறப்பவர்கள் சுமார் 9 பேர். இறப்பு வீதம் மட்டும் 50 விழுக்காடு கூடினால் அந்த 9 என்பது 13 ஆகும். பரவும் திறன் மட்டும் 50 விழுக்காடு கூடினால், 30 நாள் கழித்துத் தொற்று ஏற்படுபவர்கள் 20,000 பேர், இறப்பவர்கள் 100 பேர். கடுமை ஒருமுறை பெருக்குகிறது, பரவல் ஒவ்வொரு தலைமுறையிலும் வட்டிக்கு வட்டியாகப் பெருக்குகிறது. "லேசான திரிபுதான்" என்ற ஆறுதல் எனக்குப் போதாமல் இருப்பது இதனால்தான்.

முன்பே தொற்று வந்தவர்களையும் தடுப்பூசி போட்டவர்களையும் தாக்கும் திரிபை எப்படி அறிவது?

வளர்ச்சி வேகத்தை வைத்து மட்டும் அறிய முடியாது. கூடுதலாகப் பரவும் திறனும் எதிர்ப்பாற்றலைத் தாண்டும் திறனும் வரைபடத்தில் ஒரே சாய்வையே தரும். மறுதொற்றுகளின் கணக்கைத் தனியே பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஒமிக்ரானை இனங்கண்டு அறிவித்தபோது, அங்கு மறுதொற்றுகள் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்ததையும் காட்டினார்கள். டெல்டா பரவியபோது அப்படிக் கூடவில்லை.

தமிழ்நாட்டுக்கான கணிப்பை அப்படியே குமரி மாவட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர் வாழ்கிறார்கள், சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடமே தெரியாத இந்த நெருக்கம், நகரம் வேறு கிராமம் வேறு என்று பிரித்து எழுதப்படும் மாதிரிகளுக்குள் சரியாக அடங்காது.

அடுத்தது எல்லை. களியக்காவிளையைத் தாண்டி வேலைக்கும் படிப்புக்கும் சிகிச்சைக்கும் திருவனந்தபுரம் சென்று மாலையில் திரும்புபவர்களின் வாழ்க்கையில் மாநில எல்லை ஒரு பேருந்து நிறுத்தம் மட்டுமே. 2020 ஜூலையில் பூந்துறை, புல்லுவிளை ஆகிய கடற்கரை ஊர்களில் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாகக் கேரள முதல்வர் அறிவித்தார். 2023 டிசம்பரில் கேரளத்தில் ஜேஎன்.1 திரிபு முதலில் கண்டறியப்பட்டதும் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரகுளத்தில்தான். இவையெல்லாம் சென்னையைவிட நமக்கு எவ்வளவோ அருகில் உள்ளவை.

இரு பக்கத்து மக்களின் எதிர்ப்பாற்றலும் ஒரே அளவில் இருந்ததில்லை. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், எதிர்ப்பாற்றலைக் காட்டும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) கொண்டிருந்தவர்கள் தமிழ்நாட்டில் 69.2 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடு. இவை மாநில அளவிலான எண்களே, எல்லையோர ஊர்களை நேரடியாகக் காட்டுபவை அல்ல. ஆயினும், அருகருகே உள்ள இரண்டு மக்கள் தொகுதிகளில் தொற்றக்கூடியவர்களின் பங்கு இவ்வளவு வேறுபடும்போது, இரண்டையும் தனித்தனிப் பிரிவாக வைத்து, இடையே தினசரிப் போக்குவரத்தையும் சேர்த்து எழுதும் மாதிரிதான் குமரிக்குப் பொருந்தும்.

கடலையும் சேர்க்க வேண்டும். தூத்தூர், வள்ளவிளை பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகில், ஒரு குழுவாக மீனவர்கள் வாரக்கணக்கில் ஒன்றாகவே உண்டு உறங்கி இருக்கிறார்கள். இடைவெளி 3 நாள் கொண்ட திரிபு அந்தக் காலத்துக்குள் பல தலைமுறைகளைக் கடந்து படகிலேயே ஓய்ந்துவிடக்கூடும். 5 நாளும் அதற்கு மேலும் எடுக்கும் வகையானால், பரப்பும் நிலையிலேயே ஒருவர் தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ கரையிறங்க வாய்ப்பு அதிகம். சுற்றுலாப் பயணிகளின் நிலை இதற்கு நேர்மாறு. முக்கடல் கூடுமிடத்தில் தொற்றைப் பெறுபவர் ஊர் திரும்பிய பிறகே பரிசோதனை செய்துகொள்வார், அவர் பெயர் வேறு மாவட்டத்தின் கணக்கில் ஏறும். நம் மாவட்ட எண்ணிக்கை இங்கு நடக்கும் பரவலைக் குறைத்தே காட்டும்.

எல்லையை மூடினால் திரிபைத் தடுக்க முடியாதா?

தாமதப்படுத்தலாம். அப்பக்கம் தொற்று 5 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால், போக்குவரத்தை 75 விழுக்காடு குறைப்பது இரண்டு இரட்டிப்புகளுக்குச் சமம், அதாவது 10 நாள் கிடைக்கும். 90 விழுக்காடு குறைத்தால் ஏறத்தாழ 17 நாள். அந்த நாள்களில் படுக்கையும் ஆக்சிஜனும் தடுப்பூசியும் தயாராகும் என்றால் பலன் உண்டு. ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால், பிழைப்புக்கு அன்றாடம் எல்லை தாண்டுபவர்களின் வருமானம் போனதுதான் மிச்சம்.

2021 இரண்டாம் அலையைக் கணித மாதிரிகள் ஏன் சொல்லவில்லை?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த குழு, பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றினால் 2021 பிப்ரவரி இறுதிக்குள் தொற்று மிகக் குறைந்துவிடும் என்று 2020 அக்டோபரில் சொன்னது. பிப்ரவரிவரை அது ஏறக்குறைய அப்படியே நடந்தது. அதன் பிறகு நடந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அதுவரை பரவிய வைரஸே தொடர்ந்து பரவும் என்ற அடிப்படையில் எழுதிய சமன்பாட்டுக்குள் டெல்டா இல்லை. மேலும், 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் நடந்த தேசிய ஆய்வில் எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஐந்தில் நான்கு பேருக்குத் தொற்ற இன்னும் இடம் இருந்தது.

எந்த மாதிரியாலும் இன்னும் தோன்றாத திரிபின் நாளைக் குறித்துத் தர முடியாது. "இதைவிட ஒன்றரை மடங்கு பரவும் வகை மார்ச்சில் வந்தால் மே மாதம் எத்தனை படுக்கைகள் தேவைப்படும்" என்ற கேள்விக்கு விடை தர முடியும். அந்தக் கேள்வியை நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்டு வைத்துக்கொள்வதும், அதற்கான விடை கசப்பாக இருந்தாலும் மக்களிடம் சொல்வதும் கடமை என்று நினைக்கிறேன்.

மரபணுப் பகுப்பாய்வு எங்கே நடக்கிறது?

2020 டிசம்பரில் இந்திய அரசு இன்சாகாக் என்ற ஆய்வகக் கூட்டமைப்பைத் தொடங்கியது. 2021 செப்டம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் தமிழ்நாடு அரசின் சொந்த ஆய்வகம் திறக்கப்பட்டது. சளி மாதிரி எடுத்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையேயான தாமதமும் கணக்கில் சேர வேண்டும். 5 நாளில் இரட்டிக்கும் விகிதத்துக்கு, 15 நாள் பழைய முடிவு என்பது எட்டில் ஒரு பங்கு உண்மைதான்.

இந்த முறை கொரோனாவுக்கு மட்டுமா?

இல்லை. மேற்கு வட்டங்களின் ரப்பர் தோட்டங்களில் வாழ்பவர்கள் அறிய வேண்டிய முன்னுதாரணம் ஒன்று சிக்குன்குனியாவில் உண்டு. 2005-06இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவைத் தாக்கிய சிக்குன்குனியா வைரஸில், மேலுறைப் புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால், ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற தோட்டக் கொசுவின் உடலில் அது எளிதாகப் பெருகியது. அதே மாற்றம் கொண்ட வைரஸ் 2007இல் கேரளத்தில் காணப்பட்டது. பால்வெட்டு நின்றுபோகும் மழைக்காலத்தில், மரத்தில் நிமிர்ந்தபடியே இருக்கும் சிரட்டைகளில் தேங்கும் நீர் அந்தக் கொசு முட்டையிட்டுப் பெருக ஏற்ற இடம்.

இங்கு மனிதர், கொசு என இரண்டு தொகுதிகளுக்கும் சமன்பாடு எழுத வேண்டும். ராஸ் தொடங்கிவைத்த அந்தக் கணக்கில், ஆளுக்கு எத்தனை கொசு என்பது ஒருமுறை பெருக்கப்படுகிறது. ஒரு கொசு நாளுக்கு எத்தனை முறை மனிதரைக் கடிக்கிறது என்பது இருமுறை பெருக்கப்படுகிறது, ஏனெனில் வைரஸைப் பெறவும் ஒரு கடி, கொடுக்கவும் ஒரு கடி வேண்டும். சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துக் கொசுவைப் பாதியாக்கினால் பரவல் பாதியாகும். முழுக்கைச் சட்டை அணிந்தும் மருந்து பூசியும் கடிகளைப் பாதியாக்கினால் அது கால் பங்காகும். வைரஸ் உருமாறி, கொசுவிடம் இரு மடங்கு எளிதாகத் தொற்றத் தொடங்கினால், சிரட்டைகளைக் கவிழ்த்துப் பெற்ற பலன் முழுவதும் அங்கே கழிந்துபோகும், கடியைக் குறைக்கும் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கும்.